புடலம்பூவில் ஒரு பந்தயம்

கொழும்புத்துறையில் கனிசியஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். கரையில் கட்டிக் கிடக்கிற நீல வள்ளத்தைக் காட்டி, "அதுதான் ஆள், வீடு பின்னாலை எங்கையோ இருக்கு" என்பார்கள். அறுபது தாண்டிய மனிதர். கடலில் அவர் ராசா. தரைக்கு வந்தால் படுத்துத் தூங்கத் தெரியும், மனைவி யசிந்தாவோடு வாய்க்கு வாய் கதைக்கத் தெரியும். அதற்கு மேல் ஒரு பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய புண்ணியம்கூட அவர் பெயரில் கிடையாது.

அப்படிப்பட்டவர் இப்போது தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

சென்ற வருடம், விடியப்புறம் நண்டு வலை இழுக்கப் போன இடத்தில் அவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. சலரோகக் குளிசையைப் போட்டுக்கொண்டு, வாயில் ஒன்றும் வைக்காமல் போயிருக்கிறார். வள்ளத்தில் தனி ஆள். கண் இருட்டிக்கொண்டு வர அப்படியே சாய்ந்துவிட்டார். வள்ளம் தன்பாட்டில் பூநகரிப் பக்கமாக இழுபட்டுப் போனது. மத்தியானம் போல் அயலில் தொழில் செய்கிற ஜெரோசன்தான் கண்டு, தன் வள்ளத்தில் கொழுவி இழுத்துக்கொண்டு வந்தான். பிழைத்தது தம்பிரான் புண்ணியம். இனித் தனியே கடலுக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இன்னொருவருடைய வள்ளத்தில் போய் உட்கார கனிசியஸின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. யசிந்தா டொக்டரை விட ஒரு படி மேலே போய், இரண்டு பேரைப் பிடித்து எஞ்சினைக் கழற்றி, அடுப்படிக்குள் அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாள்.

கனிசியஸ் யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மயக்கம் அவருக்கு வருத்தமாகவே இருக்கவில்லை. பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரு வெளிச்சம் மேலே இருந்து இறங்கியது. உடம்பில் பாரமே இல்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி, யாரோ அவரை மெதுவாக எங்கேயோ கொண்டுபோனார்கள். அதன் பிறகு தரையில் படுத்த எந்த நித்திரையும் அவருக்கு நித்திரையாகவே தெரியவில்லை. கடலுக்குப் போகவேண்டும், போயே ஆகவேண்டும் என்று மனம் ஒற்றைக்காலில் நின்றது.

மடு மாதா திருவிழா முடிந்து வந்த கிழமை, பின்வளவில், அவர் வழக்கமாக வலை காயப்போடுகிற இடத்தில், நான்கு பேர் வந்து இரும்புக் குழாய் நட்டார்கள். பெண்களுக்கான ஒரு திட்டத்தில் யசிந்தா பெயர் கொடுத்திருந்தாளாம். மேலே தெளிந்த பொலித்தீன், நாலு பக்கமும் வெள்ளை வலை, உள்ளே போக ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். நெற் ஹவுஸ், அதாவது வலைவீடு, என்றார்கள். தூரத்திலிருந்து பார்க்க வளவுக்கு நுளம்புவலை கட்டினது போலத்தான் இருந்தது.

"ஆருக்கு இது? மாட்டுக்கோ?" என்றார் கனிசியஸ்.

"உங்களுக்குத்தான்," என்றாள் யசிந்தா. "வலைக்குள்ளை இருந்தால்தானே உங்களுக்குச் செமிக்கும்."

விவசாயப் போதனாசிரியை நிவேதனா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்வளவுக் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். இந்தச் சவர்த் தண்ணீர் வேண்டாம், கோயிலடியில் நல்ல தண்ணீர் எடுத்து ஊற்றுங்கள் என்றாள். மண்ணும் எருவும் தும்புத்தூளும் கலந்து கறுப்புப் பைகளில் நிரப்புவித்தாள். எதை முதலில் வைக்கலாம் என்று யசிந்தா கேட்க, அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் உயிர் போலிருக்கிறது.

"கீரையிலை துவங்குங்கோ அம்மா. போட்ட கிழமைக்குள்ளை முளைச்சு நிக்கும், உங்களுக்கும் ஒரு தென்பு வரும். பக்கத்திலை சலாது இலை வையுங்கோ, இடம் கனக்கத் தேவையில்லை. தக்காளி, கறிமிளகாய், ரெண்டு மூண்டு கத்தரி. புதுசாத் துவங்கிற ஆக்களுக்கு உது போதும்."

யசிந்தா தேத்தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கனிசியஸ், ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

"ஏன் பிள்ளை, புடோல் பாகல் ஒண்டும் வைக்கேலாதோ?"

"இப்ப வேண்டாம் ஐயா. தக்காளி, கறிமிளகாய் எல்லாம் தன்ரை பூவிலை தானே காய்க்கும். ஒருக்காத் தட்டிவிட்டாலே போதும். புடோலிலை ஆண்பூ வேறை, பெண்பூ வேறை. பூச்சி வந்து மாறி மாறித் தொட்டால்தான் காய். இதுக்குள்ளை பூச்சி வராது, அதுக்குத்தானே வலை அடிச்சிருக்கு. கையாலை பூச் சேர்க்கவேணும். அதைப் பிறகு பாப்பம்."

கனிசியஸ் தலையாட்டினார். தேத்தண்ணீர் வந்தது. அவர் மனதுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் முளைவிட்டது. கீரைக்கு முதலே அதுதான் முளைத்தது.

அன்று பின்னேரம், "இஞ்சரப்பா, எனக்காண்டி இந்த ஒரு போகம் செய்து பாருங்கோ, பிறகு கடலைப் பற்றிக் கதைப்பம்" என்று யசிந்தா தொடங்க, அவர் தயாராக இருந்தார்.

"கீரை என்ன, ஆர் போட்டாலும் முளைக்கும். புடலங்காய் போடுவம். பாலன் பிறக்கிற நத்தாருக்கு முதல் அது காய்ச்சால் நான் கடல் எண்ட சொல்லே எடுக்கமாட்டன். வள்ளத்தை ஜெரோசனுக்குக் குடுத்துவிடுறன். காய்க்காட்டி நீ என்னை மறிக்கப்படாது."

யசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. புடலங்காய் காய்க்காதாமா? வேலியில் விதை விழுந்தாலே கொடி ஏறிக் காய்த்துத் தள்ளுகிற சாமான். மனுசன் தோற்கிறதுக்கு வழி தேடுகிறார், வாயால் கேட்க வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "சரி, பந்தயம்" என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாரே கனிசியஸ், அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கீரை வந்தது. சொன்னபடியே ஒரு கிழமைக்குள் பச்சைப் பாய் விரித்த மாதிரி நின்றது. சலாது சுருள் சுருளாக விரிந்தது. அதை ஆடுதான் தின்னும் என்று சொன்னவர், தேசிக்காய் பிழிந்து வெங்காயமும் வெட்டிப் போட்டு யசிந்தா கொடுக்க, இரண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்றார். சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான்களைக் கட்டி, காலையும் மாலையும் கோயிலடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தார். புடலங்கன்றுகளுக்கும் மறக்காமல் ஊற்றினார். அதிலே வஞ்சகம் செய்யவில்லை. காய்க்காது என்று தெரிந்த ஒன்றுக்கு நல்லாகத் தண்ணீர் ஊற்றினால் பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தக்காளிப் பூக்களை ஒவ்வொரு காலையும் தட்டிவிடுவது அவர் வேலை. சுட்டு விரலால் மெதுவாகச் சுண்டினால் தூசி போல ஒன்று பறக்கும். அதற்குப் பிறகு கதிரையில் உட்காருவார். மேலே பொலித்தீனில் வெயில் விழுந்து, வலையில் வடிந்து, இலைகளில் பட்டு உள்ளே நிறைகிற வெளிச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். முதல் நாள் அதைக் கண்டபோது கதிரையை விட்டு எழும்பி மேலே பார்த்தார். அதே வெளிச்சம். அன்றைக்கு வள்ளத்தில் சாய்ந்து கிடந்தபோது மேலிருந்து இறங்கிய அதே வெளிச்சம். காற்று வர வலை உப்பி உள்வாங்கும். கொடிகள் தண்ணீருக்கு அடியில் நிற்கிற பாசி மாதிரி ஆடும். கண்ணை மூடினால் கதிரை மிதக்கும். தன் கை எங்கே, கால் எங்கே என்று தெரியாமல் போகும். யசிந்தா தேத்தண்ணீரோடு வந்து தோளைத் தொடும்போது எங்கேயோ வெகு தூரத்திலிருந்து திரும்பி வருவார்.

"நித்திரையே?"

"இல்லை. சும்மா இருந்தனான்."

இந்த மனிதருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அதை ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

ஐப்பசியில் அடித்த ஒரு காற்றில், தென்னோலை விழுந்து பக்கத்து வலை ஒரு முழத்துக்குக் கிழிந்தது. அன்றிரவு புடலங்கொடியில் முதல் மொட்டுகள் இருந்தன. விடிந்ததும் கனிசியஸ் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போய்க் கிழிசலைப் பின்னத் தொடங்கினார். வலையில் ஓட்டையைக் கண்டால் கடற்தொழிலாளியின் கை சும்மா இருக்காது, உண்மைதான். ஐம்பது வருடப் பழக்கம். ஆனால் அந்த ஓட்டையால் ஒரு விட்டில் பூச்சி உள்ளே வந்திருக்கலாம் என்பதும் பின்னுகிற கைக்கு நன்றாகத் தெரியும். எறும்பு நுழையாதபடி அவ்வளவு அழகாகப் பின்னினார். யசிந்தா வந்து பார்த்து, "உங்கடை கைக்கு ஒரு பொன் காப்புப் போடவேணும்" என்றாள். அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பூக்கள் வந்தன. ஆண்பூக்கள்தான் முதலில், கொத்துக் கொத்தாக. பிறகு பெண்பூக்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டுவிரல் போல மெலிந்த ஒரு பிஞ்சோடு. யசிந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பங்குத் தந்தையைக் கூட்டி வந்து நெற் ஹவுஸை மந்திரிப்பித்தாள். அவருக்கும் இதற்கு முன் அப்படி ஒன்றை மந்திரித்து வழக்கமில்லை. புது வள்ளத்துக்குச் செபிக்கிற செபத்தையே செபித்து, "புயலிலும் அலையிலும் இதைக் காத்தருளும்" என்று தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கதவில் குருத்தோலைச் சிலுவை ஏறியது.

பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு வந்ததெல்லாம். யசிந்தா அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுங்கோவன். உங்கடை போனிலைதானே நம்பர் கிடக்கு. ஏன் கொட்டுது எண்டு கேளுங்கோ."

நிவேதனா அந்த மாதம் கண்டியில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாள். கனிசியஸ் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். காதில் வைத்தார். ஒரு இலக்கமும் அழுத்தவில்லை. "ஓம் பிள்ளை... ஓமோம்... அப்பிடியே... சரி சரி" என்று வெறும் போனோடு தலையாட்டிக் கதைத்தார். திரும்பி வந்து, "முதல் பூவெல்லாம் கொட்டுறது வழக்கமாம்" என்றார். யசிந்தா நம்பினாள். அவர் சொன்னால் அவள் எதையும் நம்புவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் அவளுக்குப் பொய் சொன்னதில்லை, வள்ளத்தில் பிடிபட்ட மீனின் நீளத்தைத் தவிர.

அதற்குப் பிறகு நெற் ஹவுஸுக்குள் கதிரை மிதக்கவில்லை. வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இருந்தது. தக்காளி கொத்தாகப் பழுத்துக்கொண்டிருந்தது, கறிமிளகாய் பளபளவென்று தொங்கியது, அவற்றைப் பறிக்கிற யசிந்தாவின் கண் மட்டும் புடலங்கொடியிலேயே இருந்தது. நத்தாருக்கு இன்னும் ஒரு சீட்டுக்கட்டின் கனத்துக்கு நாட்கள் கிடந்தன, அவையும் ஒவ்வொன்றாகக் கழன்றன.

ஒரு நாள் அந்திபட, அவர் தண்ணீர்க் கான்களோடு வளவுக்குள் வந்தார். கோயிலில் அந்திச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்து ஓய்ந்திருந்தது. நெற் ஹவுஸுக்குள் யசிந்தாவின் உருவம் வலைக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்தது. யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சாத்தாமல் பிடித்தபடி நின்றார்.

"அந்தோனியாரே, நான் உம்மட்டைக் காய் கேட்டு வரேல்லை," என்றாள் அவள். "காய்க்காட்டியும் காரியமில்லை. நான் தோத்துப்போனன், அவர் போகட்டும். இதுக்குள்ளை அடைச்சு வைச்சு அந்த மனுசனை நான் கொல்லக்கூடாது. ராவு ராவாய் நித்திரையில்லாமல் புரளுறார். போகட்டும், நானே எழுப்பித் தேத்தண்ணி குடுத்து விடுறன். ஆனா ஒண்டு. ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டுவந்து கரையிலை விட்டுவிடும். அண்டைக்கு மாதிரி ஒரு காலமையை எனக்கு இன்னொருக்காக் காட்டாதையும். என்னாலை ஏலாது."

குனிந்து, விழுந்து கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் போட்டுக்கொண்டு போனாள்.

கனிசியஸ் வென்றுவிட்டார். நினைத்தது நடந்தது, மறிக்க யாருமில்லை. கான்களை இறக்கிவிட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

அந்த மயக்கத்தை அவர் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சம், தொட்டில், பாரமில்லாத உடம்பு. ஒவ்வொரு தரமும் அவர் வள்ளத்துக்குள் இருந்துதான் அதைப் பார்த்திருக்கிறார். அதே நேரம் கரையில் ஒருத்தி நின்றாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன, ஒருநாளாவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வர, தன் நீலம் மட்டும் வராமல், வெயில் ஏற ஏற அவள் அங்கே நின்ற காலையை இப்போதுதான் முதன்முதலாகக் கண்டார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதார்.

அடுத்த நாள் பின்னேரம் யசிந்தா செபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். கனிசியஸ் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். வானம் சிவந்து, பிறகு மங்கி, வலை முழுதும் சாம்பல் நீலமாகிக்கொண்டிருந்தது. புடலம்பூ பகலில் விரியாது. பொழுது படத்தான் அது கண்ணைத் திறக்கும். அவர் காத்துக்கொண்டு நின்றார். காத்திருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்த வேலை.

முதலில் ஒரு மொட்டின் நுனி அசைந்தது போலிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். காற்றில்லை. சுருண்டு கிடந்த வெள்ளை நூல்கள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு மெல்ல வெளியே நீண்டன. ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் பின்னி முடிக்காமல் விட்ட நூல் மாதிரி இழை இழையாக. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. இருள இருள அவை கூடிக்கொண்டே வந்தன. மெல்லிய வாசம் ஒன்று வந்தது. இவ்வளவு நாளும் இதெல்லாம் தன் தலைக்கு மேலே ஒவ்வொரு அந்தியும் நடந்துகொண்டிருந்தது, ஒன்றும் வராத இடத்தில் ஒவ்வொரு அந்தியும் இந்தப் பூக்கள் அலங்கரித்துக்கொண்டு காத்துக் கிடந்தன என்று நினைத்தபடி கொடிக்கு இன்னும் கிட்டப் போனார்.

ஒரு ஆண்பூவைக் கிள்ளினார். வலைக் கயிற்றில் தடித்துப்போன விரல்களுக்கு அது பஞ்சு போல இருந்தது. இதழ்களைப் பின்னுக்கு மடித்து, நடுவிலிருந்த மஞ்சள் பொடியைப் பெண்பூவின் வாயில் தொட்டார். அழுத்தினால் நோகுமோ என்று பயம். எப்போதோ கட்டிக்கொடுத்து அனுப்பிய மகளை, பிறந்த அன்று முதன்முதல் கையில் வாங்கியபோது இப்படித்தான் பயந்தவர். பிறகு அடுத்தது. இருட்டில் பூ மட்டும் தெரிந்தது, தன் கை தெரியவில்லை. கால் நிலத்தில் நிற்கிறதா என்றும் தெரியவில்லை. வெள்ளைப் பூக்களுக்கு நடுவே பாரமில்லாமல் அவர் போய்க்கொண்டிருந்தார். இந்த முறை நினைவு மட்டும் தெளிவாக இருந்தது.

ஒரு கிழமையாக யசிந்தா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்து என்ன, மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுத்த சேலையை மாற்றாமலே, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நெற் ஹவுஸுக்குள் நுழைந்தாள். கனிசியஸ் தக்காளிக்கு முட்டுக் கொடுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரப்பா, நான் யோசிச்சுப் பாத்தனான்," என்று தொடங்கியவள், அப்படியே நின்றுவிட்டாள். அவர் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளை வரி ஓடிய ஒரு புடலங்காய் சாண் நீளத்துக்குத் தொங்கியது. அதற்கு அப்பால் இன்னொன்று. கொடி நெடுகத் தொங்கின.

"காய்ச்சிட்டுது," என்றாள். சந்தோசப்பட வேண்டியவள் சந்தோசப்படவில்லை. "நான் உங்களைப் போகச் சொல்லத்தானே வந்தனான்."

"தெரியும். அண்டைக்கு நீ அந்தோனியாரோடை கதைக்கேக்கை நான் வெளியிலை நிண்டனான்."

அவள் காயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"நான்தான் காய்க்கப் பண்ணினனான். கையாலை தொட்டுவிட்டால்தான் காய்க்கும். அந்தப் பிள்ளை முதல் நாளே சொன்னது. உனக்குச் சொல்லாமல் மறைச்சுப்போட்டன். ரெலிபோனும் எடுக்கேல்லை."

யசிந்தாவின் முகம் சிவந்தது. "கள்ளன்," என்றாள். "பச்சைக் கள்ளன். பிஞ்சு பிஞ்சாய்ப் பொறுக்கினனே, பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்!" தோளில் இரண்டு அடி போட்டாள், விளையாட்டுக்கு இல்லை, நல்ல அடி. அவர் வாங்கிக்கொண்டு நின்றார்.

"பிறகு ஏன் காய்க்க வைச்சனீங்கள்? விட்டிருந்தால் வெண்டிருப்பீங்களே."

கனிசியஸ் கையிலிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

"அண்டைக்கு வள்ளத்துக்குள்ளை எனக்கு நல்ல நித்திரை மாதிரித்தான் இருந்தது, யசிந்தா. சுகமாய்க் கிடந்தது. உனக்கு எப்பிடி இருந்தது எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை."

அவள் கீரைப் பைகளுக்குப் பக்கத்தில், பூசைக்கு உடுத்த சேலையோடு, வெறும் மண்ணில் இருந்துவிட்டாள். கனிசியஸும் பக்கத்தில் இருந்தார்.

"சொல்லட்டே?" என்றாள்.

"சொல்லு."

"நாலரைக்கு எழும்பிப் பாக்கிறன், உங்கடை சாப்பாடு மேசையிலை அப்பிடியே கிடக்குது..." என்று தொடங்கினாள். சொல்லி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வாய்க்கு வாய் கதைக்கிற அந்த மனிதர் நடுவில் ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.